விடியற்காலை வட்ஸ்அப்பில் இறைவார்த்தைச் சிந்தனை: கொழும்புப் பங்கொன்றின் சேவை பற்றி

கொழும்பு வடக்கில் தமிழ்ப் பூசை நடக்கும் கத்தோலிக்கப் பங்கொன்று (ஓர் ஆலயமும் அதன் மக்களும்) அன்றாட வாசகங்களுக்கான, அதாவது அன்றன்று பூசையில் வாசிக்கப்படும் விவிலியப் பகுதிகளுக்கான சிந்தனையை வட்ஸ்அப்பில் அனுப்பிவருகிறது. கட்டணம் இல்லை, பங்கு அலுவலகத்தில் இலக்கத்தைக் கொடுத்தால் சேர்த்துவிடுவார்கள். காலை ஐந்து மணிக்கெல்லாம் வாசகக் குறிப்புகள், ஒரு பக்கச் சிந்தனை, அதையே வாசித்த நான்கு நிமிடக் குரல்பதிவு என மூன்றும் வந்துவிடும். நிர்வாகிகள் மட்டுமே பதிவிட முடியும். அதனால் பூப்படம் போட்ட காலை வணக்கமோ, பத்துப் பேருக்கு அனுப்பினால் அற்புதம் நடக்கும் என்ற சங்கிலிச் செய்தியோ இடையில் நுழைவதில்லை. பெரிய நிம்மதி.

இதன் உண்மையான பலம், நற்செய்திக்கு முன் வாசிக்கப்படும் முதல் வாசகத்தைக் கைவிடாதது. பெரும்பாலான தினச் சிந்தனைகள் நற்செய்தியில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். 2026 சனவரி 13, பொதுக்காலம் (திருவருகை, கிறிஸ்து பிறப்பு, தவம், பாஸ்கா ஆகிய காலங்கள் தவிர்ந்த நாட்கள்) முதல் வாரம் செவ்வாய்க்கிழமைக்கு வந்ததைப் பாருங்கள். முதல் வாசகம் 1 சாமுவேல் 1:9-20. சீலோ என்ற வழிபாட்டுத் தலத்தில் பிள்ளை வரம் கேட்டு அன்னா அழுது மன்றாடுகிறார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. குடித்திருக்கிறார் என்று குரு ஏலி நினைத்துவிடுகிறார். சிந்தனை எழுதியவர் 18ஆம் வசனத்தில் நின்றுவிட்டார்: அன்னா போய்ச் சாப்பிடுகிறார், முகவாட்டம் போய்விடுகிறது. அப்போது பிள்ளை இன்னும் கருவில்கூட இல்லை! செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்துக்கு விண்ணப்பத்தோடு போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை ஏது? பாரத்தை ஆண்டவரிடம் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவதும் விசுவாசம்தான் என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் முழங்காலில் இருப்பவரை ஏலியைப்போல எடைபோடாதீர்கள் என்றும் ஒரு வரி.

அன்றைய நற்செய்தி மாற்கு 1:21-28, கப்பர்நாகும் தொழுகைக்கூடத்தில் தீய ஆவி விரட்டப்படும் பகுதி. அதை அன்னாவோடு முடிச்சுப்போட அவர்கள் முயலவில்லை. அதுவே சரி. பொதுக்கால வாரநாட்களில் இரண்டு வாசகங்களும் தனித்தனி இழைகளாக, தொடர்கதை மாதிரி தத்தம் வழியில் போகின்றன. ஒரே கருத்துக்காகச் சேர்த்துத் தெரிவுசெய்யப்பட்டவை அல்ல. பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்திக்குப் பொருந்தும்படி தெரிவுசெய்யப்பட்டிருக்கும்; இரண்டாம் வாசகம் தன்பாட்டில் போகும். இது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நூலில் கோர்க்கும்போதுதான் பல சிந்தனைகள் செயற்கையாகிவிடுகின்றன.

குறை இல்லாமல் இல்லை. பொதுக்கால வாரநாட்களின் நற்செய்தி ஒவ்வோர் ஆண்டும் ஒன்றே: முதல் 9 வாரம் மாற்கு, 10 முதல் 21 வரை மத்தேயு, 22 முதல் 34 வரை லூக்கா. முதல் வாசகமும் பதிலுரைப் பாடலும் மட்டும் ஒற்றை எண் ஆண்டுக்கு ஒன்று, இரட்டை எண் ஆண்டுக்கு வேறொன்று. கடந்த ஆண்டுப் பதிவைத் திகதி மாற்றி அனுப்பினால் நற்செய்தி சரியாக இருக்கும், முதல் வாசகம் பிழையாகிவிடும். இந்தச் சேவையிலும் இப்படி இடைக்கிடை நடக்கிறது. நற்செய்தி சரியாக இருப்பதால் ஒருவரும் கவனிப்பதில்லை. திருவருகைக்காலம், தவக்காலம், பாஸ்கா காலம் ஆகியவற்றில் இந்தப் பிரிவு கிடையாது. ஆகவே ஆண்டவரின் திருமுழுக்கு விழா முடிந்து பொதுக்காலம் தொடங்கும்போதும், பெந்தெகொஸ்தேக்குப் பிறகு அது மீண்டும் தொடங்கும்போதும் ஒருதரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பொதுக்காலம் முதல் வாரத்தில் எபிரேயர் திருமுகம் வந்தால் அது ஒற்றை ஆண்டு, 1 சாமுவேல் என்றால் இரட்டை.

தமிழ்நாட்டுக் கையேட்டிலிருந்து எடுக்கும் நாட்களில் இன்னொரு சிக்கல். யூலை 3 புனித தோமா திருநாள் உலகத் திருச்சபையின் பொது நாட்காட்டியில் விழா, இந்தியாவில் அதைவிட உயர்ந்த நிலையான பெருவிழா. பெருவிழாவுக்கு நற்செய்திக்கு முன் இரண்டு வாசகங்கள் உண்டு, விழாவுக்கு ஒன்றுதான். அதை அப்படியே அனுப்பினால், இலங்கையில் பூசைக்குப் போகிறவர் அங்கே கேட்காத வாசகத்தைத் தியானித்துவிட்டுப் போவார்.

முடிவில் வரும் 'இன்றைய செயல்' நாளுக்கு நாள் வேறுபடுகிறது. 'பிறரை அன்பு செய்வோம்' என்று வரும் நாட்களில் அதை மதியத்துக்குள் மறந்துவிடலாம். 'கோபத்தில் பேச்சை நிறுத்திய உறவினர் ஒருவருக்கு இன்று நீங்களே முதலில் அழைப்பு எடுங்கள்' என்று வந்த நாள் வேறு மாதிரி. யார், எப்போது, என்ன என்ற மூன்றும் அதில் இருந்தன. இப்படியே தினமும் எழுதினால் நன்று.

பயன்படுத்தும் முறையும் முக்கியம். குரல்பதிவை முதலில் போடாதீர்கள். வீட்டுத் திருவிவிலியத்தை எடுத்துப் பகுதியை மெதுவாக இரண்டு தரம் வாசியுங்கள். இரண்டாவது வாசிப்பில் நெஞ்சில் ஒட்டிய சொல்லோடு ஓரிரு நிமிடம் அமைதியாக இருந்து, அதையே செபமாகச் சொல்லுங்கள். பிறகு பஸ்ஸில் போகும்போது கேட்டால் போதும். முதலிலேயே கேட்டுவிட்டால் அடுத்தவர் கண்டதை மட்டுமே நாமும் காண்போம். டேட்டா குறைவானவர்கள் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்திவிட்டு, குரல்பதிவை மட்டும் தொட்டு இறக்கிக்கொள்ளலாம்.

பங்குக்கு ஒரு வேண்டுகோள்: ஞாயிறு சிந்தனை இப்போது ஞாயிறு காலையில்தான் வருகிறது. சனி மாலைப் பூசையிலும் ஞாயிறு வாசகங்களே வாசிக்கப்படுவதால், அதைச் சனிக்கிழமை காலையிலேயே அனுப்பிவிட்டால் மாலையில் போகிறவர்களும், பீடத்தில் வாசிக்க இருப்பவர்களும் ஆயத்தத்தோடு வரலாம்.