கரியா, முல்லிகடானியா? ஆங்கில மெனுவில் எதை எழுதுவது

இரண்டுமே (curry, mulligatawny) தமிழிலிருந்து ஆங்கிலம் போன சொற்கள். ஆனாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று எழுத முடியாது.

வேர்
கரி: நம் 'கறி'. சங்கத் தமிழில் அதற்கு மிளகு என்றும் பொருள். சேரர் துறைமுகமான முசிறியில் யவனர் (கிரேக்க, ரோமானியர்) கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்கிறது அகநானூறு 149.
முல்லிகடானி: மிளகுத்தண்ணி. 'மிளகு' முல்லிகா ஆனது, 'தண்ணி' டானி ஆனது.

ஆங்கிலத்தில் பதிவு
கரி: 1598. ஆங்கிலேய எழுத்தாளர் ஹன்னா கிளாஸின் சமையல் நூலில் 1747.
முல்லிகடானி: 1784.

பொருள்
கரி: குழம்பு, கூட்டு, குருமா எல்லாம் இதில் அடக்கம். சிக்கலே இங்கேதான். சென்னையில் கறி என்றால் இறைச்சி. சில வீடுகளில் காய்ப் பொரியல். யாழ்ப்பாணத்தில் சோற்றோடு சேரும் எதுவும். ஆங்கிலேயருக்கோ பெரும்பாலும் மசாலாக் குழம்பு வகை.
முல்லிகடானி: இறைச்சிச் சாறு, பருப்பு, கறிமசாலாப் பொடி (curry powder), சில வேளை ஆப்பிளும் சோறும் சேர்ந்த கெட்டி சூப்.

மீன்குழம்புக்கு 'ஃபிஷ் கரி' போதும். ரசத்துக்கு முல்லிகடானி என்று எழுதாதீர்கள். கெட்டி சூப்பை எதிர்பார்த்து வருபவர் ஏமாந்துபோவார். ரசத்தை 'ரசம்' என்றே எழுதி, 'புளியும் மிளகும் சேர்ந்த தெளிந்த சாறு' என்று கீழே ஒரு வரி போடுங்கள்.