மேசை ஓவனுக்கு வாங்கும் மாற்றுப் பாகங்கள்: திருகோணமலை உப்புக் காற்றில் எது நின்று பிடிக்கும்?

ஓவன் சூடாகவில்லை என்றால் எல்லோரும் கடையில் முதலில் கேட்பது எலிமென்ட், அதாவது சூடேற்றும் குழாய். உப்புவெளி, உட்துறைமுகக் கரை, டச்சு விரிகுடாப் பக்கம் என்று கடலை ஒட்டியிருக்கும் வீடுகளுக்கு அது பல வேளை வீண் செலவு. உப்புக் காற்று முதலில் தின்பது வயரும் எலிமென்ட்டும் சேரும் இடத்திலுள்ள தட்டை டெர்மினலைத்தான். அதனால் விலை குறைந்த சாமானிலிருந்தே தொடங்குவோம்.

சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி விடுங்கள். ஒரு மணித்தியாலம் ஆறிய பிறகு, குமிழ்கள் இருக்கும் பக்கத்து மூடியைத் திருகாணி கழற்றித் திறவுங்கள். வயர்களைத் தொடுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு டெர்மினல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நல்லது வெள்ளி நிறமாக இருக்கும், இழுத்தால் இலேசில் வராது. கெட்டது காப்பி நிறத்தில் கறுத்திருக்கும், ஓரத்தில் பச்சைத் தூள் பிடித்திருக்கும், பக்கத்து வயரின் உறை விறைத்து அப்பளம் போல நொறுங்கும். விரலால் தொட்டாலே கழன்று வந்தால் பிழை அதுதான். வேறெங்கும் தேட வேண்டாம்.

காரணம் எளிய கணக்கு. 1500 வாட் ஓவன் 230 வோல்ட்டில் 6.5 அம்பியர் இழுக்கும். டெர்மினலின் பிடி தளர்ந்து 0.2 ஓம் தடை ஏறிவிட்டால், நகத்தளவு தகட்டில் எட்டு வாட்டுக்கு மேல் வெப்பம் தேங்குகிறது. சூடேறச் சூடேறப் பிடி இன்னும் தளரும், தடை இன்னும் கூடும். புது எலிமென்ட்டைப் பழைய டெர்மினலிலேயே பூட்டினால் சில கிழமைகளில் அதே பிழை திரும்புவது இதனால்தான்.

கடைகளில் கிடைக்கும் டெர்மினல்கள் இரண்டு வகை. வாகனங்களுக்கு விற்கும், தகரம் பூசிய பித்தளை டெர்மினல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஓவனுக்கு ஆகாது. தகரம் 232 பாகையில் உருகும், பித்தளை சூட்டில் தன் இறுக்கத்தை இழக்கும், மேலே போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் உறை அதற்கு முன்பே உருகி வழியும். வாங்க வேண்டியது நிக்கல் பூசிய இரும்பு டெர்மினல், 6.3 மில்லிமீற்றர் அகலம். கடையிலேயே சோதிக்கக் கையில் ஒரு சின்னக் காந்தம் போதும்: இரும்பு ஒட்டும், பித்தளை ஒட்டாது. வயரில் பொருத்தும்போது கிரிம்ப் குறட்டால் நசுக்கி இறுக்குங்கள். ஈயப் பற்று வைக்கவே கூடாது, அது 190 பாகைக்குள் உருகிவிடும்.

வயரிலும் ஏமாற இடமுண்டு. வீட்டு வயரிங்குக்கு விற்கும் பி.வி.சி. வயர் 70 பாகைக்குத்தான். ஓவனுக்குள் 180 பாகை தாங்கும் சிலிக்கன் வயரோ, கண்ணாடி நார் பின்னிய வயரோ வேண்டும், 1.5 சதுர மில்லிமீற்றர் போதும். சந்தேகமென்றால் ஒரு துண்டை வெட்டி முற்றத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். சிலிக்கன் வெள்ளைச் சாம்பலாகும். பி.வி.சி. கரும்புகை விட்டு மூக்கை எரிக்கும்.

டெர்மினல் எல்லாம் நன்றாக இருந்தும் சூடு வராவிட்டால்தான் எலிமென்ட் பக்கம் போக வேண்டும். மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, எலிமென்ட்டின் ஒரு முனை வயரையாவது கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். 230 வோல்ட்டில் 1000 வாட் எலிமென்ட் 53 ஓம் அளவில் காட்டும், 750 வாட் 70, 500 வாட் 106. ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. பல மேசை ஓவன்களில் மேலே இரண்டு குழாய், கீழே இரண்டு குழாய். ஒவ்வொரு சோடியிலும் இரண்டு குழாயும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகக் கோர்க்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு குழாயும் 115 வோல்ட்டுக்குச் செய்தது. ஒன்று அறுந்தால் இரண்டும் அணைந்துவிடும், பார்ப்பவர் இரண்டும் போய்விட்டன என்று நினைப்பார். 115 வோல்ட்டுக்கான 400 வாட் குழாய் 33 ஓம். அதே 400 வாட் என்று கேட்டு 230 வோல்ட் குழாயை வாங்கி வந்தால் அது 132 ஓம். இரண்டையும் கோர்த்தால் 800 வாட் வர வேண்டிய இடத்தில் 320 வாட்தான் வரும், குழாய் மங்கலாகச் சிவந்து கேக் மேற்புறம் வெளிறிக் கிடக்கும். ஆகவே மிஞ்சியிருக்கும் நல்ல குழாயின் ஓம் அளவையும், முனைக்கு முனை நீளத்தையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கண்ணாடி போன்ற குவாட்ஸ் குழாயா, எவர்சில்வர் உறைக் குழாயா? உப்புக் காற்றுக்கு இரண்டுக்கும் குறையுண்டு. குவாட்ஸ் சட்டென்று சூடேறும், ஈரம் இழுக்காது. ஆனால் அடிபட்டால் உடையும், முனைகளில் கம்பி துருப்பிடிக்கும். எவர்சில்வர் குழாய் அடிபட்டாலும் தாங்கும். அதன் பலவீனம் உள்ளே இருக்கும் மக்னீசியம் ஒக்சைட்டுத் தூள், அது காற்றிலுள்ள ஈரத்தை முனை வழியாக உறிஞ்சும். கச்சான் காற்றுக் காலம் முழுவதும் தொடாமல் வைத்திருந்த ஓவனை, வாடை மழை கொட்டும் மார்கழியில் நத்தார் கேக்குக்காகப் போட்டவுடன் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுவது இதனால்தான். எலிமென்ட் சாகவில்லை, நனைந்திருக்கிறது.

அப்படி விழுந்தால் எலிமென்ட்டின் இரு வயர்களையும் கழற்றி, முனைக்கும் வெளி உறைக்கும் இடையே 20 மெகா ஓம் அளவில் சோதியுங்கள். எண் எதுவும் விழக்கூடாது. எண் காட்டினால் ஈரம். எலிமென்ட்டைக் கழற்றி இன்னொரு ஓவனில் 120 பாகையில் மூன்று நான்கு மணித்தியாலம் வைத்தால் பெரும்பாலும் மீளும். வெயிலில் வைப்பது போதாது. உலர்த்திய பிறகும் எண் காட்டினால் அதை மாற்ற வேண்டியதுதான். எர்த் வயரைக் கழற்றிவிட்டால் ட்ரிப் விழாது என்று சிலர் சொல்லிக் கொடுப்பார்கள். செய்யவே செய்யாதீர்கள். அதன்பின் ஓவனின் உடம்பே கரண்ட் பிடித்து நிற்கும், கதவைத் திறக்கப் போகிற கை பிள்ளையின் கையாகவும் இருக்கலாம்.

சூட்டை வைத்த அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் பற்றிச் சுருக்கமாக. சின்ன ஓவன்களில் இரட்டை உலோகத் தகடு வகை வரும். அதன் தொடுபுள்ளி கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் துடைக்கலாம், ஆனால் அது தற்காலிகம்தான். பெரியவற்றில் செம்பு நிற மெல்லிய குழாயும் நுனியில் பென்சில் போன்ற குமிழும் வரும். அந்தக் குமிழ் கொளுக்கியிலிருந்து கழன்று கீழே விழுந்து கிடந்தாலே சூடு பிழைக்கும், முதலில் அதைப் பாருங்கள். குழாயை முறுக்கி மடித்தால் உள்ளே எண்ணெய் ஒழுகி, ஓவன் நிற்காமல் சூடேறிக்கொண்டே போகும். புதியதை வாங்கும்போது 300 பாகை வரை, குழாயின் நீளம், குமிழின் தடிப்பு மூன்றும் ஒத்திருக்க வேண்டும். எந்த ஓவனுக்கும் பொருந்தும் என்று விற்கும் மலிவு வகையில், முன்பக்கம் திருகும் குமிழில் எழுதியிருக்கும் பாகைக்கும் உள்ளே வரும் சூட்டுக்கும் இடைவெளி அதிகம். தனி ஓவன் வெப்பமானி ஒன்றும் சேர்த்து வாங்குங்கள், பட்டர் கேக் போடுகிற வீட்டுக்கு அது தெர்மோஸ்டாட்டை விடப் பயன்.

அளவு மீறிச் சூடேறினால் அறுந்து கரண்டை நிறுத்தும் வெப்ப பியூஸ் போயிருந்தால் அதே பாகை எழுதியதையே போடுங்கள், வயரால் குறுக்கே இணைக்காதீர்கள். அது போனதற்குக் காரணம் தெர்மோஸ்டாட்டாக இருக்கலாம், இரண்டையும் சேர்த்துச் சோதிப்பது நல்லது. சுவரில் பதித்த, மணிக்கூடு உள்ள ஓவனென்றால் எதையும் கழற்றுமுன் நேரத்தை அமைத்துப் பாருங்கள். கரண்ட் போய் வந்தபின் எண்கள் மினுங்கிக்கொண்டிருக்கும்வரை பல ஓவன்கள் சூடாகவே மாட்டா.

எல்லாம் பூட்டி மூடிய பிறகு வெறும் ஓவனை 200 பாகையில் இருபது நிமிடம் ஓட விடுங்கள், யன்னலைத் திறந்து வையுங்கள். புது எலிமென்ட்டின் பூச்சு எண்ணெய் புகைந்து நாறும், அது இயல்பு. மூடியிருக்கும் பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் தீயும் மணம் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஆறிய பின் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்க மூடியை மறுபடி திறந்து டெர்மினல்களைப் பாருங்கள். ஏதாவது ஒன்று ஒரே ஓட்டத்தில் நிறம் மாறியிருந்தால் அதன் கிரிம்ப் சரியில்லை, வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.