உறைந்த டைக்கிரி வீட்டில்: பிளெண்டரா, பிரீசரா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சி வெயிலில் நாலைந்து பேருக்கு மேல் உறைந்த டைக்கிரி, அதாவது ரம்மும் தேசிக்காயும் சேர்ந்த கூழ் மாதிரியான குளிர் மதுபானம், கொடுக்க வேண்டுமென்றால் பிளெண்டரை எடுக்காதீர்கள். முதல் நாள் இரவே எல்லாவற்றையும் கலந்து பிரீசரில் வைத்துவிடுங்கள். ஆவணி விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவுகள் ஆளுக்கொரு ரம் போத்தலோடு வந்து இறங்குகிற வீடு எங்களுடையது. இரண்டு வழியிலும் செய்து பார்த்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்து நிற்கிறேன்.

டைக்கிரிக்கு மூன்றே பொருள்: வெள்ளை ரம், தேசிக்காய்ச் சாறு, சீனி. கியூபாவின் கிழக்கில் சந்தியாகோ நகருக்கு அருகே டைக்கிரி என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1898 அளவில் இதைக் கலந்தார் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். நொறுக்கிய ஐஸோடு அரைத்துக் கூழாக்கிக் கொடுக்கும் வடிவம் பெயர் வாங்கியது ஹவானாவில், எல் புளோரிடீட்டா என்ற பாரில். அதை நடத்திய கொன்ஸ்தாந்தினோ ரிபலாய்குவா 1930களில் மின்சார இயந்திரத்தை இதற்குப் பயன்படுத்தினார். 1937 இல் அமெரிக்க இசைக்குழுத் தலைவர் ஃபிரெட் வாரிங் ஒரு பிளெண்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்து பார் பாராகக் காட்டித் திரிந்தபோதும் டைக்கிரிதான் அதற்கு நல்ல விளம்பரமாக இருந்தது. ஆக, பிளெண்டரில் செய்வதே மரபு என்று யாராவது வாதாடினால் அதில் பிழை இல்லை.

பிளெண்டர் செய்த டைக்கிரி முதல் நிமிடத்தில் மிக நன்றாக இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காற்று உள்ளே போவதால் பஞ்சு மாதிரி இலேசாக வரும். நினைத்த நேரத்தில் செய்யலாம், முதல் நாளே யோசிக்கத் தேவையில்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழம், அன்னாசி என்று பழம் போட்டு அடிப்பதற்கும் அதுதான் வசதி. கணவனும் மனைவியுமாக இரண்டு கிளாஸ் என்றால் நான் எதிர்க்கவே மாட்டேன்.

சிக்கல் ஐஸில்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே முடிவைத் தீர்மானிப்பது அது ஒன்றுதான்.

ஒரு கிளாஸ் டைக்கிரி கூழாக வர ஏறத்தாழ 150 கிராம் ஐஸ் வேண்டும். ஆறு பேர் என்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. வீட்டுப் பிரிட்ஜில் உள்ள ஐஸ் தட்டு ஒன்றில் கால் லீற்றர் தண்ணீர் பிடித்தால் பெரிது. அப்படி நாலு தட்டு நிறைய வேண்டும், அதுவும் முதல் சுற்றுக்கு மட்டும். இரண்டாவது சுற்று கேட்டால் ஐஸ் இல்லை. கொழும்பில் இருப்பவர்கள் சுப்பர்மார்க்கெட்டில் ஐஸ் பை வாங்கலாம். எங்கள் பக்கம் ஐஸ் என்று எளிதாகக் கிடைப்பது பெரும்பாலும் மீனுக்குப் போடும் ஐஸ். முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீனோடு வரும் பெட்டியில் இருக்கும் அந்தக் கட்டியைக் குடிக்கிற எதிலும் போடக் கூடாது. அது எந்தத் தண்ணீரில் செய்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது.

தண்ணீர் விசயமும் சேர்த்துப் பாருங்கள். வன்னியில் பல கிணறுகளில் வன்னீர். கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே தண்ணீர்தான் தட்டிலும் உறைகிறது. ரம், தேசிக்காய், சீனி மூன்றும் சேர்ந்தால்கூட ஒரு கிளாஸில் 120 மில்லிலீற்றர்தான் வரும், ஐஸ் அதைவிடக் கூட. தண்ணீரில் ருசி பிழைத்தால் எவ்வளவு நல்ல ரம்மாக இருந்தாலும் அந்தப் பிழை மேலே வரும். சுத்திகரித்த தண்ணீரில்தான் ஐஸ் போட வேண்டும். பிரீசர் முறைக்கும் இதே விதிதான், ஆனால் அதில் தண்ணீரின் அளவு குறைவு, அதையும் நாமே அளந்து ஊற்றுகிறோம்.

இந்த அளந்து ஊற்றுவதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வெளியே 34, 35 பாகை வெயில். தட்டிலிருந்து எடுத்த ஐஸ் பிளெண்டருக்குள் போகும் முன்பே மேலெல்லாம் நீர் கட்டிவிடும். ஈரமான ஐஸ் சீக்கிரம் கரையும். கூழ் கட்டவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஐஸ் போடுவோம், இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவோம். மோட்டார் சூடும் அரைபடும் சூடும் சேர்ந்து அதையும் கரைக்கும். கடைசியில் கிளாஸில் இருப்பது தேசிக்காய் வாசம் அடிக்கும் குளிர்ந்த தண்ணீர். முதல் ஆளுக்குக் கொடுத்தது ஒரு ருசி, ஆறாவது ஆளுக்குக் கொடுத்தது வேறு ருசி.

பிரீசர் முறையில் ஐஸே தேவையில்லை. ஒரு கிளாஸுக்கு 40 சதவீத ரம் 60 மில்லிலீற்றர், தேசிக்காய்ச் சாறு 30, சீனிப்பாகு 30, தண்ணீர் 90. பாகுக்குச் சீனியும் தண்ணீரும் சம அளவு. ஆறு பேருக்கு இதை ஆறால் பெருக்கினால் ஒன்றேகால் லீற்றருக்குச் சற்றுக் கூட வரும்; இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் டப்பாவில் தாராளமாக அடங்கும். மூடி, இரவு முழுக்க வையுங்கள். காலையில் ஒரு முள்ளுக்கரண்டியால் ஓரங்களைக் கிளறிவிட்டு மறுபடி மூடுங்கள். கொடுக்கும்போது இன்னொரு தடவை கிளறிக் கரண்டியால் அள்ளிக் கிளாஸில் போட்டால் சரி. கிளாஸையும் பிரீசரில் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

தண்ணீர் ஏன் 90 என்று கேட்பார்கள். மதுசாரம் தண்ணீரின் உறைநிலையைக் கீழே இழுக்கும். வெறும் ரம்மை வீட்டுப் பிரீசரின் மைனஸ் 18 பாகையில் வைத்தால் அது உறையவே உறையாது. தண்ணீர் விடாமல் ரம், சாறு, பாகு மூன்றை மட்டும் வைத்தால் கலவையில் 20 சதவீதம் மதுசாரம் நிற்கும், அது தளதளவென்று ஓடும். 90 மில்லிலீற்றர் விட்டால் 11 சதவீதத்துக்கு இறங்கி, அள்ளினால் நிற்கும் கூழாக வரும். தண்ணீரை இன்னும் கூட்டினால் கரண்டி இறங்காது. இந்த அளவுக்குள் வந்துவிட்டால் மற்றதைப் பிரீசரே பார்த்துக்கொள்ளும். சீனி கூடிவிட்டதோ என்று கலக்கும்போது தோன்றும், தோன்றட்டும். மிகக் குளிர்ந்த பொருளில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும்.

கரண்ட் போனால்? 2022 இல் நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அப்படி இல்லை, ஆனாலும் பின்னேர மழைக்கும் காற்றுக்கும் கரண்ட் போகிற ஊர்தான் இது. பிளெண்டர் அந்த நேரம் ஓடாது, தட்டில் உள்ள ஐஸும் கரைய ஆரம்பிக்கும். டப்பாவில் உள்ளது, கதவைத் திறக்காமல் விட்டால் சில மணித்தியாலம் தாங்கும். கொஞ்சம் இளகினாலும் நட்டமில்லை. புதிதாக ஒரு சொட்டுத் தண்ணீரும் அதற்குள் சேரவில்லை. கரண்ட் வந்ததும் மறுபடி உறையும், கிளறினால் அதே ருசி.

பிளெண்டரைப் பராமரிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் இதற்கென்று தனிப் பிளெண்டர் கிடையாது. சம்பலுக்கும் மிளகாய்க்கும் ஓடுகிற அதே ஜாரில்தான் டைக்கிரியும். ரப்பர் வாஷரில் ஏறிய வெங்காய வாசம் எவ்வளவு கழுவினாலும் போகாது. கட்டி ஐஸ் அடித்தால் பிளேடு மழுங்கும், அடியில் உள்ள பிளாஸ்ரிக் பல்லும் தேயும். அந்தச் சின்னச் சாமான் உடைந்தால் அதே மொடல் தேடி வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக வேண்டியிருக்கும். ஐஸை முதலில் துணியில் சுற்றி உலக்கையால் நொறுக்கிப் போட்டால் பிளேடு பிழைக்கும். பிளெண்டரில்தான் செய்வேன் என்பவர்கள் அதையாவது செய்யுங்கள்.

பிரீசர் முறையில் எனக்கு உண்மையாகவே பயமான ஒன்று உண்டு. ஐஸ்கிறீம் டப்பாவில் வெள்ளையாக, இனிப்பாக, குளிராக ஒரு பொருள். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் பிரிட்ஜைத் திறந்தால் முதலில் எடுப்பது அதைத்தான். டப்பாவை மாற்றுங்கள், மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள், முடிந்தால் பிள்ளைகளுக்கு எட்டாத பிரீசரில் வையுங்கள். பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கிளாஸில் 60 மில்லிலீற்றர் ரம் இருக்கிறது, குளிரும் இனிப்பும் அதைத் தெரியவிடாது. குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏ9 வீதியில் ஏறுகிறவருக்கு நான் கொடுப்பதில்லை. அண்ணன் கோபித்துக்கொண்டாலும் சரி, இரவு தங்கிவிட்டுக் காலையில் போகட்டும்.

ஒற்றைக் கதவுப் பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு: மேலே உள்ள சின்ன ஐஸ் பெட்டி மைனஸ் 18க்குப் போவதில்லை. அதில் இந்தக் கலவை இளங்கூழாகத்தான் வரும். 90க்குப் பதில் 110, 120 தண்ணீர் விட்டால் கொஞ்சம் இறுகும், ருசியும் அந்த அளவுக்கு இலேசாகும். எங்களிடம் இருப்பது தனிப் பிரீசர் என்பதால் இந்த அளவுகளை நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். உங்கள் பெட்டியில் ஒரு கிளாஸ் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு மற்றதைக் கலவுங்கள்.

தேங்காயும் அன்னாசியும் சேர்ந்த பின்யா கொலாடாவுக்கு என் பரிந்துரை மாறும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு பிரீசரில் தனியாகத் திரண்டு கட்டியாகும். கிளறினாலும் வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். அதற்குப் பிளெண்டர்தான், அன்னாசித் துண்டுகளை முதலே உறைய வைத்துக்கொண்டால் ஐஸையும் பாதியாகக் குறைக்கலாம்.

ரம்முக்குப் பதில் சாராயம் போடலாமா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். நம் நாட்டுச் சாராயம் பல 33.5 சதவீதம். அப்போது தண்ணீரை 90 இலிருந்து 60 ஆக்கினால் அதே 11 சதவீதத்தில் வந்து நிற்கும், கூழும் ஒழுங்காக உறையும். ருசி டைக்கிரி அல்ல, தென்னஞ்சாராயத்தின் வாசம் தேசிக்காயை மேவி நிற்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது, மச்சானுக்குப் பிடிக்கவில்லை. பழுத்த தேசிக்காய் எடுத்துச் சாற்றை 30 இலிருந்து 35 ஆகக் கூட்டியபோது அவரும் இன்னொரு கிளாஸ் கேட்டார்.