செயினுக்கு எது: ஸ்ப்ரே லூப்பா, தொண்ணூறு நம்பர் கியர் ஆயிலா, சொட்டு ஆயிலரா?

என் கவாசாகி நிஞ்ஜா 1000 பைக்கின் செயினுக்கு 2023 முடியும் வரை ஸ்ப்ரே லூப், அதாவது டப்பாவிலிருந்து பீய்ச்சும் செயின் ஆயில், அடித்து வந்தேன். 2024 தொடக்கத்திலிருந்து கியர் ஆயில் போடுகிறேன். மூன்றாவது வழி, ஓடும்போதே ஆயிலைத் தானாகச் சொட்டவிடும் சொட்டு ஆயிலர்; அதை நண்பர் ஒருவரின் வண்டியில் பார்த்திருக்கிறேன், இரண்டு நாள் பயணம் ஒன்றில் அந்த வண்டியை ஓட்டியும் இருக்கிறேன், அவ்வளவுதான். ஆகவே இதில் நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் ஓட்டு கியர் ஆயிலுக்கு. அதற்கான காரணம் பலரும் நினைப்பது போல விலை அன்று.

முதலில், செயினில் எந்த இடத்துக்கு ஆயில் தேவைப்படுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். இந்த வகை வண்டிகளில் வருவது ஓ-ரிங் அல்லது எக்ஸ்-ரிங் செயின். கண்ணிகளைக் கோக்கும் ஊசியான பின்னுக்கும் அதைச் சுற்றிய குழாயான புஷ்ஷுக்கும் இடையே தேவையான கிரீஸைத் தொழிற்சாலையிலேயே வைத்து, ரப்பர் வளையத்தால் அடைத்துவிடுகிறார்கள். நாம் வெளியிலிருந்து எதை ஊற்றினாலும் அது அந்த இடத்துக்குப் போகாது, போகவும் கூடாது. நாம் போடும் ஆயிலுக்கு மிஞ்சியிருப்பவை மூன்று வேலைகள்தாம்: புஷ்ஷின் மேல் சுழலும் ரோலருக்கு வழவழப்புத் தருவது, ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்காமல் காப்பது, இரும்பில் துரு ஏறாமல் பார்த்துக்கொள்வது. இந்த மூன்றையும் ஸ்ப்ரேயும் செய்யும், கியர் ஆயிலும் செய்யும். கவாசாகியின் கையேடே 600 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினுக்கு ஆயில் போடச் சொல்லி, மெல்லிய ஆயிலைவிட எஸ்ஏஇ 90, அதாவது தொண்ணூறு நம்பர், போன்ற கனமான ஆயில் நல்லது என்று எழுதியிருக்கிறது. கியர் ஆயில் ரப்பரைத் தின்றுவிடும் என்ற பயமும் தேவையில்லை. லாரியின் பின் அச்சிலுள்ள கியர் அமைப்பான டிஃபரென்ஷியலில் இதே ஆயில்தான் ஆண்டுக்கணக்கில் ரப்பர் சீல்களோடு குடித்தனம் நடத்துகிறது. ரப்பர் வளையத்துக்கு உண்மையான எதிரிகள் பெட்ரோல், தின்னர், கம்பி பிரஷ், அதிக அழுத்தத்தில் அடிக்கும் வாட்டர் வாஷ் ஆகியவை. தெருமுனைக் கடைகளில் என்ஜினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைச் செயினில் ஊற்றும் வழக்கம் ஒன்று உண்டு. அதில் உலோகத் துகளும் அமிலமும் கலந்திருக்கும் என்பதால் அதை இந்த ஒப்பீட்டிலேயே நான் சேர்க்கவில்லை.

ஸ்ப்ரேயின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. கையில் அழுக்குப் படாது, ஐந்து நிமிடத்தில் வேலை முடியும், பையில் வைத்து எடுத்துப் போகலாம். அடிக்கும்போது கரைப்பானோடு சேர்ந்து நீர்த்திருப்பதால் ரோலருக்குள் புகுந்து, பின் கரைப்பான் ஆவியானதும் பிசுபிசுப்பான படலமாக நின்றுவிடும். அதனால் சக்கரத்தில் தெறிப்பதும் குறைவு. காலையில் கிளம்பும் அவசரத்தில் அடித்துவிட்டு உடனே ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் அது நிற்பதில்லை. முந்தின இரவே அடித்து ஊறவிட்டால் நன்றாக நிற்கும்.

அப்படி நன்றாக நிற்பதுதான் சென்னையில் தொல்லையாகிறது என்பது என் அனுபவம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை ஒருமுறை போய்வந்தாலே, காற்று அடித்துக்கொண்டு வந்து சாலையில் போட்ட மணலும் உப்புக் காற்றும் செயினில் ஏறிவிடுகின்றன. பிசுபிசுப்பான படலம் மணலை விடாது. அடுத்த 600 கிலோமீட்டரில் அதன்மேலேயே இன்னொரு அடுக்கு ஸ்ப்ரே விழும், அதன்மேல் இன்னொரு அடுக்கு மணல் படியும். செயினின் வெளிப்பக்கம் பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கும். நான் முதன்முறையாக முன் ஸ்ப்ராக்கெட்டின், அதாவது செயினை இழுக்கும் முன் பல்சக்கரத்தின், மூடியைக் கழற்றியபோது உள்ளே இருந்ததைக் கண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். தோசைக்கல்லின் ஓரத்தில் படிந்த கரியைப் போலக் கெட்டியான கறுப்புக் களிம்பு மூடியின் வளைவு முழுவதும் அப்பியிருந்தது. அதை விரலில் எடுத்துத் தேய்த்தால் மணல் நறநறத்தது. ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுத்ததில் ஒரு பழைய செய்தித்தாள் நிறைந்துவிட்டது.

பின்னர் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரியில் நாங்கள் இருக்கும் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் சக்கரத்தின் அச்சு வரை தண்ணீர் ஏறி, வடிய இரண்டு நாளாயிற்று. வடிந்த பிறகு செயினைக் கையால் சுற்றிப் பார்த்தால் ஸ்ப்ரே படலத்தின் அடியிலிருந்து செந்நிறத் தண்ணீர் கசிந்தது. இதற்கு ஸ்ப்ரேயைக் குறை சொல்வது நியாயமாகாது. அந்த வெள்ளத்தில் கியர் ஆயில் போட்ட செயினும் துருப்பிடித்திருக்கும், ஒருவேளை இன்னும் வேகமாகவே. என்னை மாற்றியது துரு அன்று, துருவைத் தேடிப் போக நான் பட்ட பாடு. துருவைத் தொடும் முன் படலத்தை எடுக்க வேண்டும். படலத்தை எடுக்க டீசலில் ஊறவைத்து, நைலான் பிரஷ் போட்டு, துணியால் துடைத்து, மறுபடி ஊறவைத்து என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. வழக்கமான நாட்களிலும் முழுமையான சுத்தம் என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதால்தான் அதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

செயினில் படியும் அழுக்கு கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் இந்த மூன்று வழிகளையும் பிரிக்கும் கேள்வி என்று அதிலிருந்து எனக்குத் தோன்றியது. ஸ்ப்ரே அழுக்கைச் செயினிலேயே வைத்துக்கொள்கிறது. கியர் ஆயில் அதைத் தூக்கிச் சக்கரத்தில் எறிகிறது. கியர் ஆயிலைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரே குறை அது தெறிக்கும் என்பது. நான் அதற்கு மாறிய காரணமே அந்தக் குறைதான். தெறிக்கும் ஆயில் தனியாகப் போவதில்லை, மணலையும் உடன் அழைத்துக்கொண்டு போகிறது. ரிம்மில் விழுந்த கறையை டீசல் நனைத்த பனியன் துணியால் இரண்டு நிமிடத்தில் துடைத்துவிடலாம், ஆனால் ரோலருக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் அடைந்த களிம்பை அப்படித் துடைக்க முடியாது.

எவ்வளவு விசையோடு தெறிக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வண்டியின் பின் டயர் 190/50, முன் ஸ்ப்ராக்கெட் 15 பல், பின் ஸ்ப்ராக்கெட் 41 பல். மணிக்கு 100 கிலோமீட்டரில் செயின் விநாடிக்கு ஒன்பது மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில், நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவான ஆரமுள்ள முன் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி வளையும்போது, செயினின் மேல் ஒட்டியிருக்கும் எதுவும் புவியீர்ப்பைப் போல் 200 மடங்குக்கும் மேலான விசையோடு வெளியே தள்ளப்படுகிறது. மிகையாகப் போட்ட ஆயில் முதல் இருபது கிலோமீட்டரிலேயே போய்விடுவதில் வியப்பில்லை. ரோலருக்குள் புகுந்த மெல்லிய பூச்சு மட்டும் நிற்கிறது, வேண்டியதும் அதுதான்.

ஆயில் வாங்க ராயப்பேட்டையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். 80டபிள்யூ-90 கியர் ஆயில் கேட்டதும் கடைப் பெரியவர், "எந்த வண்டிக்குத் தம்பி? ஆட்டோவா, லோடு வண்டியா?" என்றார். பைக் செயினுக்கு என்றதும் கையில் எடுத்த பெரிய கேனை வைத்துவிட்டு, "அப்போ ஒரு லிட்டர் எடுங்க, வண்டிய விக்கிற வரைக்கும் வரும்" என்றார். அவர் சொன்னது ஏறக்குறைய சரிதான். ஒருமுறைக்கு 15 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், 600 கிலோமீட்டருக்கு ஒருமுறை போட்டாலும் ஒரு லிட்டர் 40,000 கிலோமீட்டர் வரை வரும். ஸ்ப்ரே பாட்டிலோடு விலையை ஒப்பிட வேண்டிய அவசியமே இல்லை.

போடும் முறையில் கொஞ்சம் பொறுமை வேண்டும். இந்த வண்டிக்கு சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஸ்பூல் என்னும் சின்ன உருளைகளை மாட்டி, அவற்றைப் பிடித்துப் பின் சக்கரத்தைத் தூக்கும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றியாக வேண்டும். என்னைக் கேட்டால், டூரிங் வண்டி வாங்கியவர் சைலன்சர் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் மாடிஃபிகேஷன் அந்த இரண்டு ஸ்பூல்கள்தாம். ஓட்டி வந்து செயின் இளஞ்சூடாக இருக்கும்போது ஏற்றி, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றியபடி, ஊசி மூக்குள்ள சின்ன பிளாஸ்டிக் பாட்டிலால் செயினின் கீழ்ப்பகுதியில் உட்புறமாக ஒவ்வொரு ரோலருக்கும் இரு ஓரத்திலும் ஒரு சொட்டு விடுகிறேன். உட்புறம் விட்டால் சுழலும்போது ஆயில் தானே வெளிநோக்கி ஊடுருவும். சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவே ஒரு அட்டை இருந்தால் டயரில் படாது. அரை மணி நேரம் விட்டு, பழைய பனியனால் செயினைச் சுற்றிப் பிடித்து, வெளியே இருக்கும் ஆயில் முழுவதையும் துடைத்துவிடுகிறேன். பலர் கியர் ஆயிலைத் திட்டுவது இந்தக் கடைசி வேலையைச் செய்யாததால்தான். என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சக்கரம் தானே சுற்றத் துணியைப் பிடிக்கும் வேலையை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். துணியைப் பல் இழுத்துக்கொண்டால் விரலும் கூடப் போகும்.

இதில் எனக்கும் இடைஞ்சல்கள் இல்லாமல் இல்லை. இடப்பக்கப் பயணப் பெட்டியின் அடியில் கறுப்புப் புள்ளிகள் விழுகின்றன. டயரின் இடது ஓரத்தை ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீரால் துடைத்தாக வேண்டும். அதைச் சோம்பலில் விட்டுவிட்டு முதல் இடப்பக்க வளைவில் சாய்ப்பது ஆபத்து. நிறுத்துமிடத் தரையில் ஆயில் கறை என்று குடியிருப்பில் ஒருமுறை பேச்சும் வாங்கினேன், இப்போது பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்துக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழையில் கியர் ஆயில் சீக்கிரம் கழுவிக்கொண்டு போகிறது என்பதும் உண்மை. நவம்பரில் மழையில் நனைந்து வந்த ஒவ்வொரு மாலையும் மறுபடி போட வேண்டியிருக்கிறது. ஊறவிடும் அரை மணி நேரம் போக, அப்படிப் போட ஆகும் நேரம் பதினைந்து நிமிடம் என்பதால் போடுகிறேன். ஒன்றரை மணி நேரம் என்றால் போட்டிருக்க மாட்டேன். நீண்ட பயணத்தில் மட்டும் சின்ன ஸ்ப்ரே டப்பா ஒன்று இன்றும் என் பையில் இருக்கிறது. ஏலகிரியில் தங்கும் விடுதியின் வாசலில் பேடாக் ஸ்டாண்டுக்கு எங்கே போவது?

சொட்டு ஆயிலரைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல முடியும். நண்பரின் வண்டியில் இருப்பது ஸ்காட்டாய்லர். என்ஜின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடத்தால் வால்வு திறந்து, பின் ஸ்ப்ராக்கெட்டின் மேல் நிமிடத்துக்கு ஓரிரு சொட்டு விழும் ஏற்பாடு. அழுக்கை வெளியேற்றும் தத்துவத்தில் அது கியர் ஆயிலின் கட்சிதான், அதுவும் ஓட்டும்போதே தொடர்ந்து நடப்பதால் கொள்கையளவில் என் முறையைவிட மேல். பெங்களூரு நெடுஞ்சாலையில் மழையில் நனைந்தபடி ஓட்டி வந்தபோதும் அந்தச் செயின் ஈரப்பளபளப்பாகவே இருந்தது. ஆனால் சித்திரை வெயிலில் ஆயில் நீர்த்து அதிகமாகச் சொட்டுகிறது என்று அவர் திருகைக் குறைப்பதையும், மார்கழிக் காலையில் கூட்டுவதையும் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கு இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவராக இருந்தால் நானும் அதை மாட்டியிருப்பேன். என்னைப் போல வார இறுதியில் ஓட்டுகிறவர் அதற்காகக் குழாயும் வெற்றிட இணைப்பும் போட்டு வண்டியைக் குடைவது எனக்குத் தேவையாகப் படவில்லை.

எந்த முறையானாலும் செயின் தேய்கிறதா என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும். 520, 525, 530 என்ற செயின் அளவுகள் எல்லாவற்றிலும் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையிலான தூரம் 15.875 மில்லிமீட்டர். ஆகவே 20 கண்ணிகளின் நீளம், அதாவது முதல் பின்னின் நடுவிலிருந்து 21-ஆவது பின்னின் நடு வரை, புதிய செயினில் 317.5 இருக்கும். கவாசாகி வைத்திருக்கும் எல்லை 323. செயினை விறைப்பாக இழுத்துவைத்து, எஃகு ஸ்கேலால் மூன்று நான்கு இடங்களில் அளந்து, அதிகமாக வருவதை எடுத்துக்கொள்ள வேண்டும். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்காது.

ஸ்ப்ரே காலத்துச் செயினை 21,000 கிலோமீட்டரில் அளந்தபோது 322 காட்டியது. இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளோடும் சேர்த்து மாற்றினேன். கியர் ஆயில் போடும் இப்போதைய செயின் 16,000 தாண்டி 319-இல் நிற்கிறது. முறைக்கு ஒரு செயின் என்பது சான்றாகிவிடாது; முதல் செயின் வெள்ளத்தில் இரண்டு நாள் கிடந்தது, என் ஆக்ஸிலரேட்டர் கையும் இப்போது சற்று அடங்கியிருக்கிறது. 21,000-இல் அதே ஸ்கேலை வைத்து மறுபடி அளப்பேன்.