ஹட்டன் பட்டறையில் செய்வித்த கொழுந்துக் கத்தரி

ஹட்டன் நகரத்துக்குச் சற்று வெளியே இருக்கும் ஒரு சிறிய வெல்டிங் பட்டறையில், எங்கள் இரண்டு ஏக்கர் தேயிலைக்கென இரண்டு கொழுந்துக் கத்தரிகளைச் செய்வித்து, ஆறு மாதம் மலையில் பாவித்த பிறகு இதை எழுதுகிறேன்.

முன்னர் கடையில் வாங்கிய கத்தரியில், கொழுந்து விழும் தட்டை எட்டுத் திருகாணிகள் கீழ் அலகோடு பிடித்திருந்தன. எட்டும் மூன்று அளவு. அவற்றில் இரண்டை இறுக்குவதற்கு அலகையே கழற்ற வேண்டும். மழையில், சரிவில், இடுப்பில் படங்கு கட்டி நிற்கும் ஒருவர் அதை எப்படிச் செய்வார் என்று கத்தரியை வரைந்தவர் எண்ணிப் பார்க்கவில்லை. ஓட்டை துளைத்தவரிடமும் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்.

பேராதனையில் உற்பத்திப் பொறியியல் படித்தபோது பொறியியலாளர்களான பூத்ராய்டும் டியூஹர்ஸ்டும் உறுப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்க வகுத்த மூன்று கேள்விகளை மனனம் செய்திருந்தேன்: ஓர் உறுப்பு மற்றவற்றோடு ஒப்பிட அசைய வேண்டுமா, வேறு பொருளால்தான் ஆக வேண்டுமா, பொருத்தவோ கழற்றவோ தனித்திருந்தே தீர வேண்டுமா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அதைப் பக்கத்து உறுப்போடு சேர்த்துவிடலாம். பட்டறைக்காரர் இவற்றைப் படித்தவரல்லர். ஆயினும் ஒரு காலைப்பொழுது முழுவதும் எங்கள் மலையில் நின்று பார்த்துவிட்டு, தட்டையும் அதன் பக்கங்களையும் ஒரே அலுமினியத் தகட்டில் மடித்தெடுத்தார். எட்டுத் திருகாணி மூன்றாயிற்று. மூன்றும் ஒரே அளவு, மூன்றும் வெளிப்பக்கம். "அக்கா, கை எங்க நோவுது?" என்று அவர் கேட்க, கொழுந்தெடுப்பவர் மணிக்கட்டைத் தொட்டுக் காட்ட, பிடி அங்கேயே சற்று வளைந்தது.

குறையும் உண்டு. பத்து நாள் என்றது மூன்று வாரமானதைப் பொறுத்துக்கொள்ளலாம். முதல் கத்தரியின் தட்டு இரண்டாவதில் ஏறாததைப் பொறுக்க முடியவில்லை. ஓட்டைகள் ஒரு நூல் விலகியிருந்தன. வடிவமைப்புக்கும் உற்பத்திக்கும் இடையிலான பிணைப்பை ஆராய்ந்து 1995இல் எழுதிய ஆய்வாளர் போல் ஆட்லர் (Paul Adler), ஒருங்கிணைப்புக்கு நான்கு வழிகளைக் காட்டுகிறார்: தரநியமம் (முன்கூட்டியே வகுத்த அளவும் விதியும்), திட்டமும் அட்டவணையும், பேசிச் சரிப்படுத்துதல், இரு தரப்பும் கூடிய குழு. வேலை புதிதாக இருக்கையில் பின்னிரண்டும் தேவை. பழகிய வேலைக்கு முன்னிரண்டே போதும், செலவும் குறைவு. முதல் கத்தரி புதிய வேலை, அதில் பேச்சு வென்றது. இரண்டாவது அதன் நகல். அதற்கு வேண்டியிருந்தது ஓர் அளவு மட்டுமே, அந்த அளவோ அவருடைய கையில்தான் இருந்தது, தாளில் இல்லை.

இதைச் சொன்னதும் அவர் முகஞ்சுளிக்காமல் தட்டைச் சரிசெய்து தந்தார். பிறகு பிஸ்கட் பெட்டி அட்டையொன்றில் அதன் உருவை வெட்டி, ஓட்டைகளைப் பேனையால் குறித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். அங்கே கத்தரி செய்விக்கப் போகிறவர்கள், அந்த அட்டையை வைத்தே வெட்டச் சொல்லுங்கள்.