ப்ரொசீஜர் சொல்லும் பதிலை எதில் வாங்குவது: ரிட்டர்னா, அவுட்புட்டா, செலக்டா?

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு டிசைனில் எத்தனை சதுர அடி கையிருப்பு என்று எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் உள்ள ஸ்டோர்டு ப்ரொசீஜர் (அங்கேயே சேமித்து வைத்த சிறு நிரல்) கணக்குப் போடுகிறது. விடை 412.75. இதை சி ஷார்ப் கோடுக்குள் கொண்டுவர மூன்று வழி உண்டு. எதில் வாங்கினால் என்ன என்று இருந்தால் கணக்கு உதைக்கும்.

ரிட்டர்ன் எழுத ஒரே வரிதான். புதிதாக வருபவர்கள் இதில்தான் முதலில் கை வைப்பார்கள். ஆனால் அது முழு எண்ணை மட்டுமே தரும். 412.75 போட்டால் 412 வந்து நிற்கும், எரர்கூட வராது. முக்கால் சதுர அடிதானே என்று விட முடியாது. இது கையால் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து எடுக்கிற சரக்கு. ஐம்பது டிசைனில் இப்படிக் கழன்றால், "கொட்டகையில இருக்கிற கல்லு கம்ப்யூட்டர்ல இல்லையே தம்பி" என்று பட்டறைக்காரர் கேட்கத்தான் செய்வார். நல் (null, அதாவது மதிப்பே இல்லை என்ற குறி) கொடுத்தால் இன்னும் மோசம்: அது 0 ஆகிவிடும். வழக்கத்தில் 0 என்றால் 'வேலை நல்லபடியாக முடிந்தது' என்று பொருள்! வேலை முடிந்ததா, இல்லையா என்று சொல்ல மட்டும் ரிட்டர்னை வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றிரண்டு மதிப்பு வேண்டுமென்றால் என் ஓட்டு அவுட்புட் பாராமீட்டருக்கு, அதாவது ப்ரொசீஜர் விடையை நிரப்பித் தரும் மாறிக்கு. எந்த வகை, என்ன பெயர் என்பது ப்ரொசீஜரின் தலையிலேயே தெரிகிறது. கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டும், அவ்வளவுதான். பாராமீட்டரின் டைரக்ஷனை அவுட்புட் என்று வைக்க வேண்டும். பில் நம்பர் போன்ற எழுத்து மதிப்புக்கு சைஸ் (அதிகபட்ச நீளம்) கொடுக்க வேண்டும். மறந்தால் எரர் வந்து நினைவூட்டும். டெசிமலுக்கு ஸ்கேல் (புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம்) கொடுக்காவிட்டால்தான் வம்பு. புள்ளிக்குப் பின்னால் இருப்பது சத்தமில்லாமல் போய்விடும், ரிட்டர்னில் பட்ட அதே அடி. ஸ்கேல் 2 என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது. அப்புறம், அதே ப்ரொசீஜர் வரிசைகளையும் அனுப்பினால், அவற்றைப் படிக்கும் ரீடரை மூடிய பிறகுதான் அவுட்புட் மதிப்பு கைக்கு வரும்.

ப்ரொசீஜருக்குள் செலக்ட் போட்டு, சி ஷார்ப்பில் எக்ஸிக்யூட்ஸ்கேலார் என்ற அழைப்பில் வாங்குவது மூன்றாவது. முதல் வரிசையின் முதல் கட்டத்தை அப்படியே தரும். ஸ்கேல், சைஸ் எதுவும் சொல்ல வேண்டாம். ஆனால் ஆறு மாதம் கழித்து வேறொருவர் சோதிப்பதற்காக மேலே இன்னொரு செலக்ட் போட்டுவிட்டுப் போனால், உங்கள் கையிருப்பு இருந்த இடத்தில் டிசைன் பெயர் வந்து உட்காரும். புதிய பில்லின் ஸ்கோப்ஐடென்டிட்டியை (கடைசியாகச் சேர்த்த வரிசைக்குத் தானாக வந்த எண்) இப்படி வாங்கி நேராக இன்ட் (முழு எண்) என்று காஸ்ட் செய்தாலும் உடையும், அது டெசிமலாக வருவதால். கன்வெர்ட் வழியாகப் போங்கள்.

ப்ரொசீஜரை ஓட்டும் இன்னொரு அழைப்பான எக்ஸிக்யூட்நான்கொயரி திருப்பித் தரும் எண்ணை விடை என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அது எத்தனை வரிசை மாறின என்ற கணக்கு. நோகவுண்ட் (வரிசை எண்ணிக்கையை அனுப்பாதே என்ற அமைப்பு) ஆனில் இருந்தால் வெறும் -1.

டிசைன்வாரியாக முழுப் பட்டியல் வேண்டுமென்றால் யோசிக்கவே வேண்டாம், செலக்டும் ரீடரும்தான். பின்னாளில் மைஎஸ்கியூஎல்லுக்கு மாறும் எண்ணம் இருந்தாலும் ரிட்டர்னை இப்போதே விட்டுவிடுவது நல்லது. அங்கே ஃபங்ஷனுக்குத்தான் ரிட்டர்ன் உண்டு, ப்ரொசீஜருக்குக் கிடையாது.