செஸ்னா ஓட்டியவருக்கு எந்த மைக்ரோலைட்? மூன்றச்சு வகையும் ஃபிளெக்ஸ்விங்கும்: ஓர் ஒப்பீடு

பிரிட்டனில் செஸ்னா 152 போன்ற இரட்டை இருக்கை விமானத்தில் பயின்று தனியார் விமானி உரிமம் பெற்றவர்கள், சில ஆண்டுகளில் எரிபொருள் செலவையும் மணி வாடகையையும் கணக்குப் பார்த்துவிட்டு, மைக்ரோலைட் என்னும் எடை மிகக் குறைந்த சிறு விமானத்தின் பக்கம் திரும்புவது வழக்கமாக நடப்பதுதான். திரும்பியவருக்கு முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இக்காரஸ் சி42 போன்ற மூன்றச்சு மைக்ரோலைட், அதாவது மூக்கை ஏற்றியிறக்கவும், பக்கம் சாய்க்கவும், திசை திருப்பவும் தனித்தனிக் கட்டுப்பாடு உள்ளது. மூடிய காக்பிட், சுக்கான் பெடல்கள், ஃபிளாப் என அவர் அறிந்தவை அனைத்தும் அதில் சற்றுச் சிறிய உருவில் உண்டு. செஸ்னாவின் யோக் என்னும் கைச்சக்கரத்துக்குப் பதில் ஸ்டிக் என்னும் கோல் இருக்கும், வேலை அதேதான். மற்றொன்று, பெகாசஸ் குவாண்டம், குவிக் போன்ற ஃபிளெக்ஸ்விங். மேலே ஹேங் கிளைடரின் துணிச்சிறகு, கீழே அச்சிறகிலிருந்து ஒரே ஒரு போல்ட்டில் தொங்கும் மூன்று சக்கர வண்டி, முதுகுக்குப் பின்னால் இருந்து தள்ளும் எஞ்சின். இவ்வளவுதான் அதன் உடல். இவ்விரண்டையும் விலை, வேகம், வசதி என்ற வரிசையிலேயே பலரும் ஒப்பிடுகிறார்கள். முதன்முறையாகப் பறக்கக் கற்பவருக்கு அந்த வரிசை சரி. ஏற்கெனவே விமானியாக இருப்பவரோ, தம் கைகளில் ஊறிப்போன பழக்கம் எந்த வண்டியில் துணை நிற்கும், எதில் எதிராகத் திரும்பும் என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

சட்டம் இரண்டையும் ஒரே கூரையின் கீழ்தான் வைத்திருக்கிறது. இரட்டை இருக்கை மைக்ரோலைட்டின் உச்ச எடை பிரிட்டனில் நீண்ட காலம் 450 கிலோவாக இருந்து, 2021இல் 600 கிலோவாக உயர்த்தப்பட்டது. ஒப்பிட்டுச் சொன்னால், செஸ்னா 152இன் உச்ச எடை 757 கிலோ. புதிதாகத் தொடங்குபவர் மைக்ரோலைட் உரிமத்துக்குக் குறைந்தது 25 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 10 மணி நேரமாவது தனியாகப் பறந்திருக்க வேண்டும். விமான உரிமம் உள்ளவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பயிற்றுநரிடம் வேறுபாட்டுப் பயிற்சி பெற்று, பறப்புப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கினால் போதும். மூன்றச்சுக்குப் பெற்ற கையொப்பத்தை வைத்துக்கொண்டு ஃபிளெக்ஸ்விங்கில் ஏற முடியாது. காகிதத்தில் இரண்டும் ஒரே அளவு வேலையாகத் தெரிந்தாலும், வானத்தில் அப்படி இல்லை.

ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் விமானத்தின் மூக்கு தாழும், வேகம் கூடும். ஃபிளெக்ஸ்விங்கில் கைப்பிடிக் குழாயை முன்னால் தள்ளினால் மூக்கு உயரும், வேகம் குறையும். ஸ்டிக்கை வலப்புறம் சாய்த்தால் விமானம் வலப்புறம் சாயும். குழாயை வலப்புறம் நகர்த்தினால் சிறகு இடப்புறம் சாயும். இதை ‘எல்லாம் தலைகீழ்’ என்று மனப்பாடம் செய்துகொண்டு ஏறுபவர்களே அதிகம் தடுமாறுவார்கள். ஒவ்வொரு அசைவையும் மனத்துக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ளக் கண நேரம் பிடிக்கும். தரைக்கு அருகில் அந்தக் கண நேரம் கிடைக்காது. தாம் பிடித்திருப்பது ஸ்டிக் அன்று, சிறகையே என்று எண்ணிக்கொள்வதே இதற்கு நல்ல வழி. கைப்பிடிக் குழாயை அடிப்பக்கமாகக் கொண்ட முக்கோணச் சட்டம் சிறகோடு இறுகப் பிணைக்கப்பட்டது. அதன் அடிக்குழாயை முன்னால் தள்ளும்போது, தொங்கு போல்ட்டை மையமாகக் கொண்டு சிறகு முழுவதும் சாய்ந்து மூக்கை உயர்த்துகிறது. அடிக்குழாயை இடப்புறம் தள்ளும்போது சிறகின் வலப்பக்கம் தாழ்ந்து, வண்டியின் எடை அந்தப் பக்கம் சேர்கிறது. விமானத்தைப் பக்கம் சாய்க்கும் எய்லரானும் மூக்கை ஏற்றியிறக்கும் எலிவேட்டரும் இல்லாமல் சிறகையும் எடையையும் ஒன்றுக்கொன்று நகர்த்தியே திருப்புகிறோம் என்பது உடம்புக்குப் புரிந்துவிட்டால், திசைக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

கால்களின் கதை வேறு. விமானி வலப்புறம் திரும்பும்போது அவருடைய வலது கால் தானாகச் சுக்கான் பெடலை அழுத்தும். அது பல மணி நேரப் பயிற்சியில் வந்த நல்ல பழக்கம். ஃபிளெக்ஸ்விங்கில் சுக்கானே கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் வலது காலின் கீழ் இருப்பது த்ராட்டில். ஆகவே அழகாகத் திரும்ப நினைத்த விமானியின் வண்டி, திருப்பத்தின் நடுவில் காரணமில்லாமல் உறுமத் தொடங்கும். தரையில் ஓடும்போதும் இதே சிக்கல்தான். செஸ்னாவில் வலது பெடலை அழுத்தினால் வலப்புறம் போகும். இங்கே முன்சக்கரத்தை நேரடியாகக் கால்களால் பிடித்திருப்பதால், வலது காலை அழுத்தினால் இடப்புறம் போகும். முதல் பாடத்தில் ஓடுபாதைக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே, வானத்தில் நூறு மணி நேரம் பறந்தவர் புல்வெளியில் பாம்பாக நெளிவார். சி42இல் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை.

பலரும் கவனிக்காமல் விடும் இன்னொரு வேறுபாடு, பார்வை எதை அளவாகக் கொள்கிறது என்பது. செஸ்னா விமானி எஞ்சின் மூடியின் மேல்விளிம்பை அடிவானத்தோடு ஒப்பிட்டு, மூக்கு எங்கே நிற்கிறது என்று அறிகிறார். சி42இலும் அப்படியே, மூடி சற்றுச் சிறியது, அவ்வளவுதான். ஃபிளெக்ஸ்விங்கில் முன்னால் மூடியும் இல்லை, புரொப்பெல்லரும் இல்லை. தொங்கும் வண்டி சிறகின் கோணத்தை அப்படியே காட்டுவதும் இல்லை. கீழே பார்த்தால் எல்லாம் சமமாகவே தோன்றும். குழாய் நெஞ்சுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, காற்று முகத்தில் எவ்வளவு வலுவாக அடிக்கிறது, சிறகுத் துணியின் ஓசை எப்படி மாறுகிறது என்பவையே வேகத்தின் அடையாளங்கள். கருவிப் பலகையில் வேகமானி இருக்கிறது. ஆனால் அதையே பார்த்துப் பறக்கும் விமானி எப்போதும் ஒரு படி பின்தங்கியே இருப்பார்.

உண்மையான ஆபத்து இரண்டு தருணங்களில்தான் இருக்கிறது. இந்த ஒப்பீட்டில் மற்ற எல்லாவற்றையும்விட அவற்றுக்கே அதிக எடை தருகிறேன். முதலாவது, தரையிறங்கும் கடைசி சில மீட்டர்கள். ஃபிளெக்ஸ்விங்கை வேகத்தோடு, குழாயை உடலை நோக்கி இழுத்துப் பிடித்தபடி இறக்கிக் கொண்டுவருவார்கள். தரை நெருங்கும்போது குழாயை மெல்ல முன்னால் போகவிட்டு, இறுதியில் தள்ளினால், சிறகு வேகத்தை இழந்து பின்சக்கரங்கள் முதலில் தரையைத் தொடும். விமானியின் கைகளோ அதே இடத்தில் பின்னால் இழுக்கவே கற்றிருக்கின்றன. இழுத்தால் மூக்கு தாழ்ந்து வண்டி தரையை நோக்கிப் பாயும். பதறி இன்னும் இழுத்தால் இன்னும் வேகமாகப் பாயும். இதனால்தான் பின்னிருக்கையில் அமரும் பயிற்றுநர், சட்டத்தில் பொருத்திய நீட்டுக் குழாய்களிலிருந்து தம் கைகளை அந்த உயரத்தில் எடுப்பதே இல்லை. இரண்டாவது தருணம், ஏறிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிடுவது. செஸ்னாவில் யோக்கையும் சி42இல் ஸ்டிக்கையும் உடனே முன்னால் தள்ள வேண்டும். ஃபிளெக்ஸ்விங்கில் உடனே குழாயை இழுக்க வேண்டும். நேராகப் பறக்கும்போது தெளிவாக இருக்கும் மனம், நெருக்கடியில் பழைய பாடத்துக்கே ஓடும். எனவே பயிற்றுநரோடு எஞ்சினை மீண்டும் மீண்டும் தணித்து, கை தானாக இழுக்கும் வரை பழகாமல் தனியாகப் பறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதைப் படித்துவிட்டு, மூன்றச்சு மைக்ரோலைட்டுக்கு மாறப் பயிற்சியே தேவையில்லை என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். எடை குறைந்த விமானத்துக்கு உந்தமும் குறைவு. எஞ்சினைத் தணித்ததும் வேகம் செஸ்னாவில் குறைவதைவிட விரைவாகக் குறையும். மூக்கைத் தாழ்த்தத் தயங்குபவருக்கு அது மன்னிப்புத் தராது. மதிய வெயிலில் எழும் காற்றுத் திரள்கள் அதைத் தூக்கிப் போடும். ஆனால் இவை அளவு சார்ந்த மாற்றங்களே. திசை சார்ந்தவை அல்ல. அறிந்ததையே இன்னும் நுணுக்கமாகச் செய்யச் சொல்கிறது சி42.

பாதுகாப்பின் இன்னொரு பக்கத்தில் ஃபிளெக்ஸ்விங்குக்கு ஒரு நல்ல புள்ளி உண்டு. தூக்குவிசை அறுந்துபோகும் ஸ்டால் நிலை அதில் பெரும்பாலும் சாதுவானது. சிறகின் நுனிகள் நடுப்பகுதியைவிடக் குறைந்த கோணத்தில் முறுக்கப்பட்டிருப்பதால், நடுப்பகுதி தூக்குவிசையை இழந்த பிறகும் நுனிகள் பறந்துகொண்டிருக்கும். மூக்கு தலையாட்டித் தாழ்ந்து, வேகம் தானாகத் திரும்பும். விமானிகள் அஞ்சும் சுழல்வீழ்ச்சி இங்கே ஏறக்குறைய இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று இருக்கிறது: மூக்கை மிகச் செங்குத்தாக உயர்த்தி வேகத்தை முழுவதும் இழந்தால், சிறகு முன்னோக்கிக் குட்டிக்கரணம் போட்டுவிடலாம், அதிலிருந்து மீட்பு இல்லை. ஆகையால்தான் சாய்வுக்கும் மூக்கின் கோணத்துக்கும் விதித்த எல்லைகளை ஃபிளெக்ஸ்விங்காரர்கள் அவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். செஸ்னாவில் சாகசம் பழகியவர் அந்த ஆசையை ஹேங்கரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

குறுக்குக் காற்றில் மூன்றச்சு வகை வசதியானது. ஓர் இறக்கையைத் தாழ்த்திச் சுக்கானால் நேராக்கி இறக்கலாம். ஃபிளெக்ஸ்விங் காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பியபடியே வந்து இறங்கும். பின்சக்கரங்கள் தரையைத் தொட்டதும் வண்டி ஓடும் திசைக்குத் தானாக நேராகும். பக்கவாட்டில் தரையைத் தொடக் கூடாது என்று கற்றவருக்கு முதல் சில முறை இது பல்லைக் கடிக்க வைக்கும். குலுங்கும் காற்றில் சிறகின் ஒவ்வொரு அசைவும் நேராகத் தோளுக்கு வரும். அதோடு மல்லுக்கட்டாமல் சிறகைச் சற்று விட்டுப்பிடிப்பதே நுட்பம். இறுக்கிப் பிடித்தவருக்கு ஒரு மணி நேரத்தில் கைகள் ஓய்ந்துவிடும். காலையிலும் மாலையிலும் காற்று அடங்கிய பொழுதுகளை ஃபிளெக்ஸ்விங்காரர்கள் தேடுவது இதனால்தான்.

குளிரையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் ஏப்ரல் மாதத்திலும் இரண்டாயிரம் அடி உயரத்தில் திறந்த வண்டியில் அமர்ந்திருப்பது தடித்த பறப்பு உடை, கையுறை, தலைக்கவசம் இல்லாமல் நடவாது. புரொப்பெல்லர் பின்னால் இருப்பதால், கையிலிருந்து நழுவும் எந்தப் பொருளும் நேரே அதற்குள் போகும். கையுறையைக் கயிற்றில் கட்டுவதும், சட்டைப்பை ஜிப்களை ஒன்றுவிடாமல் மூடிப் பார்ப்பதும், ஏறும் முன் செய்யும் சோதனையின் பகுதிகள். சி42இல் ஹீட்டரைத் திருகிவிட்டு, மடியில் வரைபடத்தை விரித்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போகலாம். துணைவரையும் அழைத்துச் செல்ல நினைப்பவர் இந்த ஒரு பத்தியிலேயே முடிவுக்கு வந்துவிடலாம்.

வேகத்தில் செஸ்னா 152 மணிக்கு 185 கி.மீ. அளவிலும், சி42 150 கி.மீ. அளவிலும், குவிக் 130 கி.மீ. அளவிலும் பறக்கின்றன, பழைய குவாண்டம் 90 கி.மீ. அளவில்தான் போகும். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினான ரோட்டாக்ஸ் 912 சி42இலும் நல்ல ஃபிளெக்ஸ்விங்குகளிலும் பொதுவாக இருப்பதால், சாதாரண பெட்ரோலில் செஸ்னாவின் செலவில் ஏறக்குறைய பாதிக்கே பறக்கலாம். வாங்கும் விலையில் ஃபிளெக்ஸ்விங் மிக மலிவு. சிறகைச் சுருட்டி டிரெய்லரில் வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஹேங்கர் வாடகையும் மிச்சம். ஆனால் சிறகுத் துணி வெயிலில் நலிவடையும். பழைய வண்டி வாங்குபவர் எஞ்சின் மணிக்கணக்கைக் கேட்பதோடு நிறுத்தாமல், துணியும் தையலும் கடைசியாக எப்போது இழுவிசைச் சோதனைக்கு உட்பட்டன என்றும் கேட்க வேண்டும். சிறகை மாற்ற நேர்ந்தால், மலிவு என்று நினைத்தது மலிவாக இராது.

இவ்வளவு சொன்ன பிறகும், ஃபிளெக்ஸ்விங்கை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரையன் மில்டன் 1998இல் பெகாசஸ் குவாண்டத்தில் 120 நாள்களில் உலகைச் சுற்றி வந்தார். 2000இல் காலின் போடில் மெயின்ஏர் பிளேடில் 99 நாள்களில் சுற்றினார். ரிச்சர்ட் மெரடித்-ஹார்டி 2004இல் எவரெஸ்ட்டுக்கு மேலேயே பறந்தார். அமெரிக்காவில் 2001 முதல் பல ஆண்டுகள் ஆபரேஷன் மைக்ரேஷன் அமைப்பு, வளர்ப்பில் பிறந்த வூப்பிங் கிரேன் என்னும் கொக்குகளுக்கு விஸ்கான்சினிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வலசை வழி காட்டத் தேர்ந்தெடுத்ததும் இந்த வகை வண்டியைத்தான். பறவையின் வேகத்துக்கு இறங்கிவந்து, எந்தப் பக்கமும் மறைக்காமல் பார்க்கவிடுவது இதுதான். காலுக்குக் கீழே தரையையன்றி வேறொன்றும் இல்லாத இருக்கையில் பறந்தவருக்கு, செஸ்னாவின் சன்னல் சிறிதாகத் தெரியும்.

எனவே என் தீர்ப்பு இது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் துணையோடு, குறைந்த செலவில், இதுவரை பறந்தது போலவே தொடர்ந்து பறக்க விரும்பும் விமானிக்கு மூன்றச்சு மைக்ரோலைட்டே சரி. அவர் ஃபிளெக்ஸ்விங்கைத் தேர்ந்தால், ஏற்கெனவே விலை கொடுத்துக் கற்ற திறமையில் பாதியை ஒதுக்கிவைக்கிறார். வானிலையைப் படிப்பது, வழிகாண்பது, வானொலியில் பேசுவது, காற்றைக் கணிப்பது ஆகியவை அங்கும் கைகொடுக்கும். கைகால்கள் மட்டும் மாணவராக வேண்டும். அதற்கு மனம் ஒப்பி, பறப்பதையே ருசிக்க வருபவருக்கு ஃபிளெக்ஸ்விங்கை நான் தயங்காமல் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: தனியாகப் பறந்து, தரையிறங்கும்போது கை யோசிக்காமல் தள்ளும் நிலை வரும் வரை, இடையில் செஸ்னாவைத் தொடாமல் இருக்க வேண்டும். அப்படி இரண்டு மாதம் செஸ்னாவை விட்டிருக்க முடியாதவர் சி42ஐ எடுத்துக்கொள்ளலாம்.